எடைக்கோழியும் அடைக்கோழியும்

“இன்னும் ஒரே வருஷம். நம்ம வீட்டுக் கோழி வாசல்ல வந்து நின்னா, ஆடு வந்திருக்குன்னு நினைச்சுத் தெருவே ஒதுங்கி வழிவிடும். பாத்துக்கிட்டே இரு!”

இப்படி அவர் சபதம் போட்டு மூன்று வருஷம் ஆகியிருந்தது. மனைவியும் பார்த்துக்கொண்டேதான் இருந்தாள்.

சபதம் போட்டவருக்குத் தெருவில் தராசு என்று பெயர். கடை கடையாகப் போய் எடைக்கல்லையும் தராசையும் சோதித்து முத்திரை குத்துகிற உத்தியோகம். அவர் தலை தெருமுனையில் தெரிந்தால் போதும், தட்டைத் தொட்டுக்கொண்டிருக்கும் கட்டைவிரல்கள் தாமாகவே விலகிக்கொள்ளும். இருபத்தாறு வருஷம் எடையையே பார்த்துப் பழகியதில், நல்லது கெட்டதைத் தீர்மானிக்க அவரிடம் ஒரே வழிதான் மிச்சமிருந்தது. கனமாக இருந்தால் நல்லது. புத்தகம் வாங்கினால்கூடப் பிரித்துப் பார்க்க மாட்டார். கையில் தூக்கிப் பார்த்துத்தான் வாங்குவார்.

மனைவி பிரசவ வார்டில் நர்ஸ். பிறந்த குழந்தையைத் துடைத்து முதன்முதலில் எடைத்தட்டில் வைக்கிற கை அவளுடையது. அதனால் எடையைப் பற்றி அவளுக்கும் ஓர் அபிப்பிராயம் உண்டு.

“என் வார்டுல குழந்தை ரொம்ப கனமா இருந்தா யாரும் கை தட்ட மாட்டாங்க. ஆபரேஷன் தியேட்டரைத் திறக்கச் சொல்வாங்க.”

“அது மனுஷக் குழந்தை. இது கோழி. நடுவுல முட்டை இருக்கு.”

“அதான் நானும் கேக்கறேன். முட்டை எங்கே இருக்கு?”

தராசு எழுந்து தீனித் தட்டை நிரப்பப் போய்விட்டார்.

அவருடைய முறை சுலபமானது. ஞாயிற்றுக்கிழமை காலை ஒவ்வொரு கோழியையும் தட்டில் வைப்பார். கனமானவை பின்னறைக்குள் போகும். மற்றவை கதவுக்கு வெளியே. கனமான சேவலுக்குக் கனமான கோழிகளே துணை. அவற்றின் குஞ்சுகளிலும் கனமானவை மட்டும் உள்ளே.

“வெளியே தள்றதையெல்லாம் என்ன பண்றது?” என்று ஆரம்பத்தில் மனைவி கேட்டாள்.

“யாருக்காவது குடு. என் கண்ணுல படாம இருந்தா சரி. வம்சத்துக்கே அவமானம்.”

அவள் கூடையில் போட்டு எடுத்துக்கொண்டு போனாள். எங்கே என்று அவர் கேட்கவில்லை.

மூன்றாம் தலைமுறையில் ஜமீன் பிறந்தான். வெள்ளைச் சேவல். நெஞ்சு மட்டும் ஒரு தலையணை அளவு. நான்கு அடி நடந்தால் ஐந்தாவது அடிக்கு உட்கார்ந்துவிடுவான். அவனுக்கு ஐந்து ராணிகள். ஐந்து பேரும் எதிரெதிரே உட்கார்ந்து தீனித் தட்டைப் பார்த்துக்கொண்டிருந்தால் ஏதோ அலுவலகத்தில் சாப்பாட்டு இடைவேளை போல இருக்கும். இடைவேளை முடியவே முடியாது.

பின்னறைதான் வீட்டிலேயே நல்ல அறை. பெரிய ஜன்னல், காற்று, மதியத்தில் நிழல். இரவுப் பணி முடித்துக் காலையில் வருகிற மனைவி அந்த அறையைத்தான் கேட்டாள். மூன்று வருஷமாகக் கேட்டாள். கோழிகளுக்குக் காற்றோட்டம் வேண்டும் என்று மூன்று வருஷமாக அவர் பதில் சொன்னார். அவள் முன்னறையில், வாசல்மணிக்கும் பால் வண்டிக்கும் நடுவில், முகத்தில் துண்டைப் போட்டுக்கொண்டு தூங்கப் பார்த்தாள். ஜமீனுக்கு நடக்கத்தான் முடியாது, கூவுவதில் குறையே இல்லை.

முதல் வருஷம் முப்பத்தெட்டுக் குஞ்சு பொரிந்தது. இரண்டாம் வருஷம் பதினொன்று. இந்த வருஷம் பன்னிரண்டு முட்டை வைத்து இருபத்தோரு நாள் கழித்துப் பார்த்தால், வைத்தது வைத்தபடியே இருந்தது. மனைவி ஒவ்வொன்றாக டார்ச் விளக்கின்மேல் வைத்துப் பார்த்தாள்.

“எல்லாமே கூமுட்டைங்க. பதிமூணு.”

“பதிமூணா? நான் பன்னிரண்டுதானே வச்சேன்?”

“வச்சவரையும் சேர்த்து எண்ணிட்டேன்.”

தராசு நோட்டை எடுத்து உட்கார்ந்தார். எடை ஒவ்வொரு வருஷமும் ஏறியிருக்கிறது. குஞ்சு ஒவ்வொரு வருஷமும் குறைந்திருக்கிறது. எங்கோ கூட்டல் தப்பு என்று மூன்று தடவை சரிபார்த்தார். கூட்டல் சரியாகத்தான் இருந்தது. உலகம்தான் தப்பாக இருந்தது.

இது வீட்டோடு போயிருந்தால் பரவாயில்லை. அலுவலகத்தில் பெரிய மேடம் மாதக் கடைசியில் ஓய்வு பெறுகிறார். கொஞ்சம் நிலம் வாங்கிப் போட்டிருக்கிறார். “அங்கே போய்க் கோழி வளர்க்கலாம்னு இருக்கேன்” என்று ஒரு வார்த்தை சொன்னார். சொன்ன வாயை மூடுவதற்குள் தராசு எழுந்து நின்றுவிட்டார்.

“ஒரு டஜன் குஞ்சு என் பொறுப்பு மேடம்! என் சொந்த வம்சம். நீங்களே வீட்டுக்கு வந்து வாங்கிக்கணும்.”

முப்பது பேர் கை தட்டினார்கள். இப்போது அந்தக் கைதட்டல்தான் அவர் காதில் ஜமீனைவிடச் சத்தமாகக் கூவிக்கொண்டிருந்தது.

பக்கத்து வீட்டில் மாட்டு டாக்டர் இருந்தார். மாட்டுக்குத்தான் டாக்டர், ஆனாலும் கோழி விஷயத்தில் கதவை மூடிக்கொள்ளாதவர். பின்னறைக்கு வந்து ஜமீனைத் தூக்கப் பார்த்தார். இடுப்பைப் பிடித்துக்கொண்டு நிமிர்ந்தார்.

“இவன் கோழிகிட்டப் போறானா?”

“போறான் டாக்டர். போயி, பக்கத்துல உக்காந்துடறான்.”

“மேல ஏறணுமே?”

“ஒரு தடவை ஏறினான். அவ நடந்து போயிட்டா. இவன் சரிஞ்சு விழுந்து, நான்தான் தூக்கி நிறுத்தினேன்.”

“அப்புறம் முட்டை எப்படி சார் உயிர் பிடிக்கும்?” டாக்டர் முக்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். “உடம்புக்குள்ள போற தீனி ஒண்ணுதான். அதை வச்சுத்தான் சதையும் போடணும், முட்டையும் போடணும். மூணு தலைமுறையா நீங்க ‘சதை போடு, சதை போடு’ன்னே சொல்லிட்டு வந்தீங்க. அதுங்க உங்க பேச்சைக் கேட்டுடுச்சு.”

“நான் எடையை மட்டும்தானே டாக்டர் பொறுக்கினேன்? முட்டையை வேண்டாம்னு சொல்லலையே?”

“எடையை இழுத்தா அதோட ஒட்டிக்கிட்டு என்னென்னமோ வரும். தீராத பசி வரும். நடக்க முடியாத காலு வரும். பொட்டைக்கோழி அளவுக்கு மீறித் தின்னா, உள்ள ஒரு நாளைக்கு ஒண்ணுன்னு வரிசையா வர வேண்டிய கரு, ரெண்டு மூணா முண்டியடிச்சுக்கிட்டுக் கிளம்பும். ரெட்டைக் கரு, ஓடில்லாத முட்டை, ஒண்ணுமே இல்லாத நாளு, எல்லாம் அதனாலதான்.”

தராசுக்குத் தலை சுற்றியது. “அப்போ நிறையத் தின்னா முட்டை குறையுமா?”

“ஆமா.”

“குறைச்சுத் தின்னா?”

“கூடும். ஆனா குஞ்சா இருக்கும்போதே தீனியை அளந்து போட்டிருக்கணும். இப்போ லேட்.”

‘லேட்’ என்ற கடைசி வார்த்தை தராசின் காதில் விழவில்லை. மறுநாளே தீனியைப் பாதியாக்கினார். ஐந்து ராணிகளும் சேர்ந்து போட்ட கூச்சலில் தெருவே வாசலுக்கு வந்தது. அதோடு விடவில்லை. தேகப்பயிற்சி. சாயங்காலம் அலுவலகத்திலிருந்து வந்ததும் துடைப்பத்தைக் கையில் எடுத்துக்கொண்டு, “நட! நட!” என்று தோட்டத்தைச் சுற்றி விரட்டினார். அவை நான்கு அடி நடந்து உட்கார்ந்துவிடும். இவர் ஒவ்வொன்றாகத் தூக்கி நிறுத்திவிட்டு மறுபடி ஓடுவார். பத்து நாளில் இளைத்தது அவர் ஒருவர்தான்.

“பெல்ட்ல புது ஓட்டை போடணும் போல இருக்கே” என்றாள் மனைவி. “உங்களுக்கு நல்லாத்தான் இருக்கு. விடாம விரட்டுங்க.”

மாதக் கடைசிக்கு இருபத்து நான்கு நாள் இருந்தது. முட்டை பொரிய இருபத்தொன்று. தராசு வேலியோரம் போய் டாக்டரைக் கூப்பிட்டார். குரலைத் தாழ்த்திக்கொண்டார்.

“டாக்டர், வெளியில எங்கேயாவது நிச்சயமா பொரியற முட்டை கிடைக்குமா? யாருக்கும் தெரியக் கூடாது. முக்கியமா, வீட்ல.”

டாக்டர் வாயைத் திறந்தார், மூடினார், கொஞ்சம் இருமினார். “ரெண்டு தெரு தள்ளி ஒரு தையல்காரம்மா இருக்காங்க. அவங்க மொட்டை மாடியில நிறையக் கோழி இருக்கு. எல்லாம் ஒல்லிக்குச்சி. ஆனா வச்ச முட்டை எதுவும் வீண் போனதில்ல. கேட்டுப் பாருங்க. நான் சொன்னேன்னு சொல்லாதீங்க.”

அன்று மனைவி பணிக்குக் கிளம்பிய கையோடு தராசும் கிளம்பினார். தையல்காரம்மா மிஷினை நிறுத்தாமலே பேசினாள்.

“கோழி என்னோடது இல்ல சார். எடம்தான் என்னோடது. சொந்தக்காரங்களைக் கேட்டுச் சொல்றேன். நாளைக்கு வாங்க.”

மறுநாள் போனால் பன்னிரண்டு முட்டை தயாராக இருந்தது. ஒரு அட்டைப் பெட்டியில் பஞ்சு வைத்துப் பதமாக அடுக்கியிருந்தது. ஆஸ்பத்திரிக் கையுறை வருகிற பெட்டி. தையலுக்கு எதற்குக் கையுறை என்று அவருக்குக் குழப்பமாக இருந்தது. ஊசி குத்தாமல் இருக்கப் போட்டுக்கொள்வாள் போலிருக்கிறது என்று தானே சமாதானம் சொல்லிக்கொண்டார்.

“என்ன குடுக்கணும்?”

“காசு வேண்டாமாம். ஒரு ரூம் வேணுமாம்.”

“ரூமா?”

“ஜன்னல் வச்ச ரூம். பகல்ல மட்டும் போதுமாம்.”

“பகல்லயா? கோழிக்கா?”

“கோழிக்கு இல்ல சார். அவங்களுக்கேதான். தூங்கறதுக்கு.”

“பகல்ல யாரும்மா தூங்குவாங்க?”

“ராத்திரி வேலை பாக்கறவங்க தூங்குவாங்க.”

“ஓ! வாட்ச்மேனா?”

தையல்காரம்மா மிஷினை நிறுத்தினாள். அவரை ஒரு நிமிஷம் பார்த்தாள். “அந்த மாதிரிதான் வச்சுக்கங்களேன். ஒருத்தரை ரொம்ப வருஷமா காவல் காக்கறாங்க.”

தராசு யோசித்தார். பகலில் அவர் அலுவலகத்தில். மனைவி முன்னறையில் தூக்கத்தில். தோட்டத்துப் பக்கமாக ஒரு வாட்ச்மேன் வந்து படுத்துவிட்டுப் போனால் யாருக்குத் தெரியப் போகிறது? மேடம் வந்து போகிற வரைக்கும் சமாளித்தால் போதும், அப்புறம் ஏதாவது சொல்லிக்கொள்ளலாம்.

“சரி. குஞ்சு பொரிஞ்ச மறுநாள்லேர்ந்து.”

“இதுல ஒரு கையெழுத்து.” அளவு குறிக்கிற சீட்டின் பின்பக்கத்தில் ஏதோ எழுதியிருந்தது. கையில் முட்டை. மனதில் மேடம். தராசு முத்திரை குத்துகிற வேகத்தில் கையெழுத்துப் போட்டுவிட்டு நடந்தார்.

வீட்டுக்கு வந்து ராணிகளிலேயே பொறுமைசாலியான ஒருத்தியின் அடியில் முட்டைகளை வைத்தார். அவள் ஒரு தடவை அசைந்தாள். ஒரு முட்டை நசுங்கியது. எடைக்கு வளர்த்த கோழி அடைக்கு ஆகாது என்று அப்போதுதான் அவருக்கு உறைத்தது. மிச்சம் பதினொன்றையும் பிடுங்கி, ஒரு அட்டைப் பெட்டிக்குள் வைத்து, பல்பு மாட்டி, தண்ணீர்க் கிண்ணம் வைத்து, மேலே ஒரு தெர்மாமீட்டரையும் தொங்கவிட்டார்.

காலையில் பணி முடிந்து வந்த மனைவி பெட்டிக்குள் எட்டிப் பார்த்தாள்.

“எந்தக் கோழி போட்டது?”

“எல்லாரும் சேர்ந்து.”

“முட்டை ரொம்பச் சின்னதா இருக்கே?”

“தீனியைக் குறைச்சேன் இல்ல? அதான் சுருக்கமா போட்டிருக்கு.”

“ஓ” என்றாள் அவள். அதற்கு மேல் கேட்கவில்லை. அவர் பல்பைச் சரிசெய்வதுபோலக் குனிந்துகொண்டார்.

மறுநாள் எண்ணிப் பார்த்தால் பன்னிரண்டு முட்டை இருந்தது.

தராசு கண்ணைத் துடைத்துக்கொண்டு எண்ணினார். பன்னிரண்டு. பென்சிலால் ஒவ்வொன்றிலும் எண் எழுதி எண்ணினார். பன்னிரண்டு. ஊரில் உள்ள எடைக்கல்லுக்கெல்லாம் இது சரி, இது தப்பு என்று சொல்கிறவர், தனக்குப் பதினொன்று வரைக்கும் எண்ணத் தெரிகிறதா என்ற சந்தேகத்தோடு அன்று வேலைக்குப் போனார்.

ஏழாம் நாள் அவளே டார்ச்சை எடுத்துக்கொண்டு வந்தாள். “வாங்க, ஸ்கேன் பண்ணிடலாம்.” ஜன்னலைச் சாத்தி, முட்டையை வெளிச்சத்தின்மேல் வைத்தாள். உள்ளே சிவப்பு நூல் நூலாக நரம்பு ஓடியது. நடுவில் ஒரு புள்ளி துடித்தது.

“தெரியுதா? இதுதான் இதயம்.”

மூன்று வருஷத்தில் அவர் எத்தனையோ முட்டையை எடை போட்டிருக்கிறார். ஒன்றைக்கூட இப்படிப் பார்த்ததில்லை. அந்தப் புள்ளிக்கு எடை என்று சொல்ல ஒன்றுமே இல்லை. ஆனால் அது பாட்டுக்குத் துடித்துக்கொண்டிருந்தது. உண்மையைச் சொல்லிவிடலாம் என்றுகூட நினைத்தார்.

“ஏம்மா, நான் ஒண்ணு சொல்லணும்...”

“அப்புறம் சொல்லுங்க. முதல்ல முட்டையைத் திருப்புங்க. ஒரு நாளைக்கு மூணு தடவை திருப்பணும்.”

அவர் திருப்பினார். சொல்லவில்லை.

இருபத்தோராம் நாள் காலை பதினொரு குஞ்சு வெளியே வந்தது. ஒரு முட்டை மட்டும் அசையாமல் கிடந்தது. தராசு தலையில் கையை வைத்துக்கொண்டார்.

“எதுக்கு அலட்டிக்கறீங்க? அது ஒரு நாள் கழிச்சுத்தானே சேர்ந்துச்சு? நாளைக்கு வந்துடும்” என்று சொல்லிவிட்டு மனைவி தலை வாரப் போனாள்.

மறுநாள் அதுவும் வந்துவிட்டது. அவள் எப்படிச் சொன்னாள் என்று அவருக்குப் புரியவில்லை. பிரசவ வார்டில் இருப்பவர்களுக்கு நாள் கணக்கு அத்துப்படி என்று நினைத்துக்கொண்டார்.

வேறொரு சங்கடம் இருந்தது. ஜமீனும் ராணிகளும் பால் வெள்ளை. குஞ்சுகளோ கறுப்பும் சாம்பலுமாக, ஒவ்வொன்றும் ஒரு தீப்பெட்டி கனம்கூட இல்லாமல், பெட்டியின் விளிம்பில் ஏறிக் குதித்துக்கொண்டிருந்தன.

“கறுப்பா இருக்கே?” என்றாள் மனைவி.

“வெயில்ல கறுத்திருக்கும்.”

“முட்டைக்குள்ளயா வெயில்?”

“பல்பு வெயில்.”

வாசலில் மணி அடித்தது. பெரிய மேடம்.

அவர் ஜமீனைப் பார்த்ததும் ஓரடி பின்வாங்கினார். “இது கோழியா? மெத்தைன்னு நினைச்சேன்.” பிறகு குஞ்சுகளைப் பார்த்தார். முகம் மலர்ந்தது. ஒன்றைக் கையில் எடுத்தார். அது கையிலிருந்து தோளுக்கு ஓடியது.

“அடடா, என்ன சுறுசுறுப்பு! உண்மையைச் சொல்றேன் சார், நீங்க பெரிய சாதிக் குஞ்சு குடுத்துடுவீங்களோன்னு பயந்துகிட்டேதான் வந்தேன். அதுங்க தின்னும், உக்காரும். வம்சம் பெருகாது. இதுதான் எனக்கு வேணும். இதை எப்படி உருவாக்கினீங்க?”

தராசு மனைவியைத் திரும்பிப் பார்த்தார்.

“எல்லாம் இவர் கையால பொறுக்கினதுதான் மேடம்” என்றாள் மனைவி. “மூணு வருஷம். ஒவ்வொரு ஞாயித்துக்கிழமையும் தட்டுல வச்சு, இதோட பாட்டி, கொள்ளுப்பாட்டியை எல்லாம் இவர்தான் தனியா எடுத்து வச்சார்.”

“அப்படியா!” என்று மேடம் அவர் கையைப் பிடித்துக் குலுக்கினார். தராசு குலுங்கினார். எடுத்து வைத்தேனா? எப்போது?

கார் தெருமுனை திரும்பியதும் அவர் மனைவி பக்கம் திரும்பினார். “நான் எதை எடுத்து வச்சேன்?”

“வெளியே எடுத்து வச்சீங்களே, கதவுக்கு அந்தப் பக்கம். நான் கூடையில கொண்டு போயி தையல்காரம்மா மாடியில விட்டேன். எதையும் எடை போடல. எது பொறுமையா அடையில உக்காந்துச்சோ, எது குஞ்சைக் கூட்டிக்கிட்டு நல்லா மேய்ஞ்சுதோ, அதோட முட்டையை வச்சேன். இப்போ அங்கே எழுபது இருக்கு.”

“அப்போ அந்த வாட்ச்மேன்...?”

அவள் கைப்பையிலிருந்து அளவுச் சீட்டை எடுத்து நீட்டினாள். அடியில் அவருடைய கையெழுத்து, முத்திரை மாதிரி அழுத்தமாக. மேலே அவள் கைப்பட எழுதிய நிபந்தனைகள். பின்னறை, முட்டையின் சொந்தக்காரிக்கு. பகலில் மட்டும் என்று முதலில் எழுதி, பிறகு அது முழுவதும் அடிக்கப்பட்டிருந்தது. ஜமீனும் ராணிகளும் இன்றே மாட்டு டாக்டரின் கொட்டகைக்குப் போக வேண்டும். அவற்றை நடக்க வைப்பது கணவர் பொறுப்பு, தினமும் சாயங்காலம்.

“டாக்டருமா?” என்றார் தராசு.

“கொட்டகையைக் கழுவிக் காய வச்சுட்டார்.”

மதியத்துக்குள் பின்னறை காலியானது. அவரே கழுவினார், அவரே கட்டிலைத் தூக்கிப் போட்டார். ஜமீனை அக்குளில் இடுக்கிக்கொண்டு வேலியைத் தாண்டக் கிளம்பியபோது ஜன்னலருகே நின்றார். அவள் படுத்துவிட்டாள். மூன்று வருஷத்துத் தூக்கம் முகத்தில் இறங்கிக்கொண்டிருந்தது. அவருக்குக் கோபம் வரவில்லை. குழப்பம்தான் வந்தது.

“தூங்கிட்டியா? ஒண்ணே ஒண்ணு சொல்லு. எனக்கு முன்னாடி உனக்கு ரெண்டு வரன் வந்துச்சுன்னு உங்க அக்கா சொல்லியிருக்காங்க. ரெண்டு பேருமே நல்ல வாட்டசாட்டமாம். அப்படியிருக்க, நீ ஏன் என்னைத் தேர்ந்தெடுத்தே?”

அவள் கண்ணைத் திறக்காமலே சிரித்தாள். அந்தச் சிரிப்பில் அவருக்கு நெஞ்சு கொஞ்சம் நிமிர்ந்தது.

“கல்யாணத்துக்கு முன்னாடி எங்கப்பா உங்க மூணு பேருக்கும் ஆளுக்கொரு காகிதம் நீட்டினாரே, ஞாபகம் இருக்கா? நான் எழுதிக் குடுத்தது.”

“இல்லாம என்ன! வாங்கின உடனே கையெழுத்துப் போட்டுக் குடுத்தேனே!”

“அவங்க ரெண்டு பேரும் படிச்சுப் பார்த்தாங்க” என்று சொல்லிவிட்டு அவள் ஜன்னலைச் சாத்திக்கொண்டாள்.